போன கரண்ட் திரும்பி வரணுமே! (ஒரு பிக்கப் டிரக்கும் நூறு வருஷக் கதையும்)

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தூசி தட்டவே இல்ல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்திங்கறது ஒரு காரணம். இன்னொரு காரணம், போன குளிர்காலத்துல பாதி ராத்திரிகளை ஒரு பழைய பிக்கப் டிரக்குக்கு அடியில படுத்தே கழிச்சேன். அந்தக் கதையையும், அதைத் தோண்டப் போய்க் கிடைச்ச நூறு வருஷக் கதையையும் சேர்த்து எழுதி வெச்சிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி கலந்து எடுத்துட்டு வந்துடுங்க.

நான் இருக்கறது மிச்சிகன்ல, டெட்ராய்ட் பக்கம். வண்டி 1990களோட கடைசியில வந்த மாடல். கம்பெனி பேர் வேண்டாம். தப்புல பாதி என்னோடது, மீதி இந்த ஊர் உப்போடது. பனி உருகறதுக்கு ரோடு முழுக்க உப்பைக் கொட்டுவாங்க. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, 1,000 அடிக்கும் கீழ, ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கு. மேல வண்டி செய்யறான், கீழ அதைத் தின்னப்போற உப்பை வெட்டறான். என்ன ஊருய்யா இது :-)

ஜனவரியில ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பொண்ணை நீச்சல் கிளாஸ்ல இருந்து கூட்டிட்டு வர்றேன். வெளிய மைனஸ் 12. நாங்கதான் கடைசி, கட்டடத்தையும் பூட்டிட்டுப் போயிட்டாங்க. சாவியைத் திருப்பினா 'டக்'. ஒரே ஒரு 'டக்'. டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கி, மறுபடி எரிஞ்சுது. திரும்பத் திருப்பினா திரும்பவும் 'டக்'. தங்கமணி இன்னொரு வண்டியில வந்து சேர 40 நிமிஷம். என் கோட்டை அவளுக்குப் போர்த்தி உட்கார்ந்திருந்தோம். ஈரத் தலைமுடியோட நுனி விறைச்சுப் போயிருந்தது. "அப்பா, இந்த வண்டி நமக்கு வேண்டாம்ப்பா"ன்னா. கோவமா சொல்லியிருந்தா பரவாயில்ல. மெதுவா சொன்னா.

அப்புறம் நான் செஞ்சதெல்லாம் பொட்டி தட்டறவன் செய்யற வேலை. புது பேட்டரி போட்டேன். நாலு நாள் ஓடுச்சு, மறுபடி 'டக்'. செல்ஃப் மோட்டார் மாத்தினேன். ஒரு வாரம். ஆல்டர்னேட்டர் மாத்தினேன். பத்து நாள். 600 டாலருக்கு மேல போச்சு. ஸ்கேனர் வாங்கிச் சொருகினா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம மூணு கோடு காட்டுது. ஃபியூஸ் விஷயத்துல வேற ஒரு பாவம் பண்ணினேன். அதைக் கடைசியில சொல்றேன்.

எதிர் வீட்டுல ஒரு பெரியவர். டிரக் ஃபேக்டரியில 30 வருஷத்துக்கு மேல வேலை பாத்து ரிடையர் ஆனவர். ரெண்டு மாசமா என் கூத்தை ஜன்னல் வழியா பாத்துட்டே இருந்திருக்கார். ஒரு நாள் ரோட்டைத் தாண்டி வந்தார். நான் மாத்தின சாமான் பட்டியலை முழுசாக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். (அவர் சொன்னதை நம்ம பேச்சுல போட்டுக்கறேன்.)

"கரண்ட் போற வழியை எல்லாம் பாத்துட்டே. திரும்பி வர்ற வழியைப் பாத்தியா?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு. அதுக்கான பதில் 1908ல ஆரம்பிக்குது.

*

வீட்டு ஒயரிங்ல ஒரு பல்புக்கு ரெண்டு ஒயர் போகும். ஃபேஸ் ஒண்ணு, நியூட்ரல் ஒண்ணு. வண்டியில பெரும்பாலும் ஒண்ணுதான். பேட்டரியில இருந்து பல்பு வரைக்கும் ஒயர். பல்புல இருந்து பேட்டரிக்குத் திரும்பறதுக்கு வண்டியோட இரும்பு உடம்பே வழி. பேட்டரியோட இன்னொரு முனையை சேசிஸ்ல முடுக்கி விட்டுட்டா ஆச்சு, பாதித் தாமிரம் மிச்சம். இதை அமெரிக்காக்காரன் கிரவுண்ட்ங்கறான், நம்ம ஊர் மெக்கானிக் எர்த்ங்கறார். பேர்தான் எர்த். நாலு ரப்பர் டயர் மேல நிக்கற வண்டிக்கும் பூமிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

1908ல் வந்த ஃபோர்டு மாடல் டி இந்தச் சிக்கனத்தோட உச்சம். முதல் பத்து வருஷம் அதுல செல்ஃப் மோட்டாரே கிடையாது. ஃப்ளைவீல்ல 16 காந்தங்கள். அதுக்கு எதிர்ல அசையாம நிக்கற 16 கம்பிச் சுருள்கள். எஞ்சின் சுத்தினா கரண்ட் பிறக்கும். அதுதான் மேக்னெட்டோ. அந்தக் கரண்ட் நாலு மரப்பெட்டிக் காயில்களுக்குப் போகும், சிலிண்டருக்கு ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டி மேலயும் ஒரு தகடு வண்டு மாதிரி 'ர்ர்ர்'னு அதிரும்.

இதுல கோளாறு கண்டுபிடிக்கற முறை இருக்கே, அற்புதம். எஞ்சின் முக்கி முக்கி ஓடுதா? பெட்டியைத் திறந்து அதிர்ற தகட்டை விரலால ஒவ்வொண்ணா அமுக்கிப் பிடிக்கணும். பிடிச்சதும் எஞ்சின் சத்தம் மாறினா அந்த சிலிண்டர் அதுவரைக்கும் நல்லா வேலை செஞ்சுட்டு இருந்ததுன்னு அர்த்தம். மாறலைன்னா அதுதான் திருடன். மீட்டர் வேண்டாம், ஸ்கேனர் வேண்டாம். விரலும் காதும் போதும். இன்னொரு பிரபலமான கோளாறு: கியர் பட்டைகள்ல ஒட்டின பருத்தித் துணி தேய்ஞ்சு, அந்தப் பஞ்சு ஆயில்ல மிதந்து போய் மேக்னெட்டோ முனைக்கு அடியில அடைஞ்சுக்கும். வண்டி நின்னுடும். முனையைக் கழட்டிப் பஞ்சைத் துடைச்சா கிளம்பிடும்.

1915ல ஹெட்லைட்டையும் மேக்னெட்டோவுலயே மாட்டினாங்க. எஞ்சின் வேகமா ஓடினா பளீர், மெதுவானா மினுக் மினுக். அதாவது சேத்துல ஊர்ந்து போகும்போது, எப்ப வெளிச்சம் வேணுமோ அப்ப இருக்காது. நம்ம சர்வர்கள் மாதிரின்னு வெச்சுக்கங்க.

ஆனா ஒரு விஷயம் கவனிங்க. அந்த வண்டியில எஞ்சினை நேரா இரும்புச் சட்டத்துல போல்ட் போட்டு முடுக்கியிருந்தாங்க. இரும்போட இரும்பு. ஓடற கரண்டும் கொஞ்சம்தான். திரும்பி வர்ற வழியைப் பத்திக் கவலைப்பட ஒண்ணுமே இல்ல.

*

அந்த நிம்மதியை முதல்ல கெடுத்தவர் சார்லஸ் கெட்டரிங். கெட்டவர் இல்ல, ரொம்ப நல்லவர். அதுவரைக்கும் ஹேண்டில் போட்டுத்தான் எஞ்சினைச் சுத்தணும். எஞ்சின் எதிர்ப் பக்கம் உதைச்சா மணிக்கட்டு முறியும். கெட்டரிங் முன்னாடி கடைகள்ல பணம் வாங்கற கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில வேலை பாத்தவர். கல்லாப் பெட்டியைத் திறக்க ஒரு சின்ன மோட்டாரை வெச்சுக் காட்டினவர். அந்த மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்ல, ஒரு கணம் பலமா ஓடினா போதும். கொஞ்ச நேரம்தான்னா சின்ன மோட்டார்லயும் நிறைய கரண்ட் விட்டு வேலை வாங்கலாம், சூடாகறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். இதே யோசனையை எஞ்சினுக்குக் கொண்டு வந்தார். 1912 மாடல் கேடிலாக்ல செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்துடுச்சு. 1919ல மாடல் டிக்கும் வந்துச்சு.

'நிறைய கரண்ட்'னா எவ்வளவு? ஒரு ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் போதும்னா, செல்ஃப் மோட்டாருக்கு 150, 200, குளிர்ல அதுக்கும் மேல. போற கேபிள் கட்டை விரல் மொத்தம் இருக்கும், எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனா போன அத்தனை ஆம்பியரும் திரும்பி வந்தாகணும். அது வர்ற வழி துருவும் பெயிண்டும் கிரீஸும் படிஞ்ச இரும்பு.

1925 ஏப்ரல்ல ஃபோர்டு, பின்னாடி இரும்புத் தொட்டி வெச்ச மாடல் டியை ஃபேக்டரியிலயே செஞ்சு வித்தது. விலை 281 டாலர். அதுக்கு முன்னாடி விவசாயிங்க காரை வாங்கிப் பின்பக்கத்தைக் கழட்டிட்டு, மரப்பெட்டி வெச்சுக் கட்டிக்குவாங்க. கம்பெனியே செஞ்சு கொடுத்ததும் பிக்கப்ங்கற பேர் நிலைச்சுது.

அப்புறம் வந்தது ரப்பர். 1931ல கிரைஸ்லர் கம்பெனி தன்னோட பிளிமத் கார்ல எஞ்சினை ரப்பர் மேல உட்கார வெச்சது. அதிர்வு உள்ள வராம சுகமா இருக்கும். 'மிதக்கும் சக்தி'ங்கற அர்த்தத்துல பேர் வெச்சு விளம்பரம் பண்ணினாங்க. மத்தவங்களும் அதே வழிக்கு வந்தாங்க. ஆனா ரப்பர்ல கரண்ட் போகாது. எஞ்சின் ஒரு தீவாயிடுச்சு.

பிக்கப்ல இந்தத் தொல்லை காரை விட ஜாஸ்தி. இப்போதைய கார் பெரும்பாலும் ஒரே கூடு, தகடோட தகடு வெல்டிங் வெச்சது. பிக்கப் அப்படி இல்ல. கீழ ஒரு சட்டம். அதுமேல ரப்பர் வெச்சு எஞ்சின். ரப்பர் வெச்சு டிரைவர் உட்கார்ற கேபின். பின்னாடி தனியா முடுக்கின தொட்டி. மூணு தீவு, நடுவுல உப்புத் தண்ணி. தீவுக்குத் தீவு பாலம் போட ஜடை மாதிரி பின்னின தாமிரப் பட்டைகள். அந்தப் பட்டையைப் பிடிச்சிருக்கற ஒரு போல்ட் துருப்பிடிச்சா ஒரு தீவு தனியாப் போயிடும்.

தீவு துண்டிச்சா கரண்ட் நின்னுடும்னு நினைச்சா தப்பு. அது வேற வழி தேடும். பின் விளக்கோட எர்த் போச்சுன்னா பிரேக் விளக்கோட கரண்ட், பக்கத்து பல்பு வழியாத் தலைகீழா நுழைஞ்சு வீட்டுக்குப் போகப் பாக்கும். இண்டிகேட்டர் போட்டா ரிவர்ஸ் விளக்கும் சேர்ந்து மினுக்கும். பிரேக் மிதிச்சா டேஷ்போர்டுல எதுவோ எரியும். பேய் பிடிச்ச மாதிரி இருக்கும். பேய் இல்ல, எர்த் :-). எஞ்சினோட பட்டை போச்சுன்னா இன்னும் மோசம். 200 ஆம்பியரும் ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள்னு கிடைச்ச மெல்லிசு இரும்புக் கம்பி வழியாத் திரும்பும். கேபிள் சூடாகி உறை உருகி இறுகிப் போன கதைகளைப் பழைய மெக்கானிக்குகள் நிறைய சொல்லுவாங்க.

*

1950கள் வரைக்கும் அமெரிக்க வண்டிகள்ல 6 வோல்ட். 1955-56 வாக்கில பிக்கப்கள் 12க்கு மாறிச்சு. பெரிய வி-8 எஞ்சின்களைச் சுத்த 6 வோல்ட் திணறினதுதான் முக்கியக் காரணம்.

இதுல ஒரு சின்னக் கணக்கு. 60 வாட் வேலைக்கு 6 வோல்ட்ல 10 ஆம்பியர் வேணும், 12 வோல்ட்ல 5 போதும். எங்கயோ ஒரு துருப்பிடிச்ச மூட்டு, அதோட தடை 0.1 ஓம்னு வெச்சுக்குவோம். முதல் வண்டியில 1 வோல்ட் அங்கயே போயிடும், அதாவது ஆறுல ஒரு பங்கு. ரெண்டாவதுல அரை வோல்ட், 24ல ஒரு பங்கு. அதே துரு, நாலுல ஒரு பங்கு தண்டனை. 12 வோல்ட் துருவை மன்னிச்சுது. நாமளும் எர்த்தை மறந்துட்டோம். பழைய 6 வோல்ட் டிரக் வெச்சிருக்கறவங்க "செல்ஃப் சோம்பேறித்தனமா சுத்துது"ன்னு புலம்பறதுல பாதி, கடையில கிடைக்கற 12 வோல்ட் வண்டியோட மெல்லிசு கேபிளை மாட்டினதால வர்ற வினை.

ஃபோர்டு பிக்கப்கள் 12க்கு மாறின அதே 1956ல இன்னொரு தலைகீழும் நடந்துச்சு. அதுவரைக்கும் அந்த வண்டிகள்ல பேட்டரியோட பாசிட்டிவ் முனைதான் சேசிஸ்ல இருந்தது. அதுக்கப்புறம் நெகட்டிவ். பழக்க தோஷத்துல மாத்தி மாட்டினா என்ன ஆகும்? டைனமோ காலத்துல பெருசா ஒண்ணும் ஆகாது, சமாளிச்சுக்கும். 1960ல கிரைஸ்லர் தன்னோட வேலியன்ட்ல ஆல்டர்னேட்டரைக் கொண்டு வந்ததும் விளையாட்டு முடிஞ்சுது. ஆல்டர்னேட்டருக்கு உள்ள சிலிக்கான் டயோடுகள். மாத்தி மாட்டினா ஒரு நொடியில காலி.

பழைய அறிவு புது வண்டியைக் கொன்னது இங்கதான். டைனமோவை ரிப்பேர் பண்ணி மாட்டினதும் அதுக்குத் திசை சொல்லிக் கொடுக்க ஒரு ஒயரை 'சுளீர்'னு ஒரு தடவை தொட்டு எடுக்கணும். பல டைனமோக்களுக்கு அது சரியான வைத்தியம். ஆல்டர்னேட்டருக்கு அது விஷம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழட்டி "சார்ஜ் ஆகுதா"ன்னு பாக்கறதும் அதே கதை. டைனமோ காலத்துப் பழக்கம், நம்ம ஊர்ல இன்னமும் செய்யறாங்க. பேட்டரிதான் அந்த வண்டியோட அதிர்வு தாங்கி. அதை எடுத்தா வோல்டேஜ் எகிறி டயோடையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து அடிக்கும். செய்யாதீங்க மக்களே.

ஃபியூஸுக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்னாடி கண்ணாடிக் குழாய் ஃபியூஸ். போச்சுன்னா சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுத்திச் சொருகறவங்க நிறைய. 1970களோட நடுவுல பிளாஸ்டிக் பிளேடு ஃபியூஸ் வந்துச்சு. 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஈயத்தாள் சுத்த முடியாது. ஆனா நீலம் இருந்த இடத்துல பச்சையைச் சொருக முடியும். அளவு ஒண்ணுதான், பொருந்திடும். மனுஷப் புத்தி அங்க நுழைஞ்சுக்குச்சு.

*

அப்புறம் கம்ப்யூட்டர். 1980கள்ல எஞ்சினைக் கம்ப்யூட்டர் ஆள ஆரம்பிச்சதும் கோளாறை வண்டியே சொல்லும்னாங்க. ஆரம்பத்துல அது சொன்ன விதம் வேடிக்கை. ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்ல டேஷ்போர்டுக்கு அடியில இருக்கற பிளக்ல ரெண்டு ஓட்டையை ஒரு பேப்பர் கிளிப்பால இணைக்கணும். செக் எஞ்சின் விளக்கு ஒரு தடவை மினுக்கி, நின்னு, ரெண்டு தடவை மினுக்கினா 12. ஃபோர்டுல முள் வெச்ச வோல்ட் மீட்டரை மாட்டி முள் எத்தனை தடவை ஆடுதுன்னு எண்ணணும். விரலால தகட்டை அமுக்கின காலத்துக்கும் இதுக்கும் பெரிய தூரம் இல்ல, இல்லையா?

1996 மாடல்ல இருந்து அமெரிக்காவுல விக்கற எல்லாக் கார்களுக்கும் சின்ன டிரக்குகளுக்கும் ஓபிடி-2 கட்டாயமாச்சு. எல்லாருக்கும் ஒரே 16 முனை பிளக், ஒரே மாதிரி கோடு. பெரிய வரப்பிரசாதம்தான், சந்தேகமே இல்ல. ஆனா எனக்கு மூணு கோடு காட்டி என்னை ஏன் மூணு திசையில ஓட விட்டுச்சு?

சென்சார்கள் பெரும்பாலும் 5 வோல்ட்டுக்குள்ள பேசற ஜீவன்கள். கம்ப்யூட்டர் அந்த வோல்டேஜை எர்த்தோட ஒப்பிட்டுத்தான் அளக்கும். எர்த்தே அரை வோல்ட் மேல ஏறி நின்னா? ஸ்கேலோட பூஜ்ஜியத்தை நகர்த்தி வெச்சுட்டு துணி அளந்த மாதிரி. துணி சரி, கடைக்காரர் நல்லவர், கணக்கு மட்டும் தப்பு. கம்ப்யூட்டர் தனக்குத் தெரிஞ்சதை நேர்மையாச் சொல்லுது: "இந்த சென்சார் சொல்றது நம்பற மாதிரி இல்ல." நான்தான் அதை "இந்த சென்சாரை மாத்து"ன்னு படிச்சேன். கோடுங்கறது புகார் மனு, தீர்ப்பு இல்ல. தினமும் லாக் ஃபைல் படிக்கற எனக்கு இது தெரிஞ்சிருக்க வேண்டாமா?

திரும்பற வழி இல்லாம போறது ஒரு கோளாறுன்னா, இருக்கக் கூடாத இடத்துல ஒரு திரும்பற வழி உண்டாகறது அதை விடப் பயங்கரம். இதுக்கு ஃபோர்டு வண்டிகள்ல நடந்ததே சாட்சி. பிரேக் மிதிச்சா க்ரூஸ் கன்ட்ரோலை அணைக்கற ஒரு குட்டி ஸ்விட்ச், பிரேக் மாஸ்டர் சிலிண்டர்ல திருகியிருக்கும். அதுக்குள்ள ஒரு பக்கம் பிரேக் ஆயில், இன்னொரு பக்கம் கரண்ட். நடுவுல ஒரு மெல்லிய படலம். படலம் கிழிஞ்சா ஆயில் கசிஞ்சு, உள்ள அரிப்பு ஏற்பட்டு, ஸ்விட்ச்சோட இரும்பு உடம்புக்கு ஒரு கள்ளப் பாதை பிறக்கும். அந்த ஸ்விட்ச்சுக்கு சாவியை எடுத்த பிறகும் கரண்ட் வந்துட்டே இருக்கும். ராத்திரி கராஜ்ல நிக்கற டிரக் தானா தீப்பிடிச்சுது. பாதுகாப்புக்குன்னு வெச்ச ஃபியூஸ் போகல, ஏன்னா அதை எரிக்கற அளவு கரண்ட் ஓடல. ஆனா பக்கத்துல இருக்கறதைக் கொளுத்த அது போதும்.

1999ல ஒரு சின்ன ரீகால்ல ஆரம்பிச்சுது. 2005 செப்டம்பர்ல ஒரே தடவையில 38 லட்சம் டிரக்கும் எஸ்யூவியும். 2009 அக்டோபர்ல இன்னொரு 45 லட்சம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் வண்டிகள். வைத்தியம் என்ன தெரியுமா? சின்ன ஃபியூஸ் வெச்ச ஒரு துண்டு ஒயர்.

கரண்டுக்கு வீட்டுக்குப் போக ஒரு வழி வேணும், அவ்வளவுதான். நல்ல வழியா கெட்ட வழியான்னு அது பாக்காது.

*

இப்ப என் வண்டிக்கு வருவோம். பெரியவர் கையில ஒரு ஜம்பர் கேபிள். கருப்புக் கேபிளோட ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்ல கடிக்க விட்டார். இன்னொரு முனையை எஞ்சினோட வெறும் இரும்புல. "இப்பப் போடு"ன்னார்.

சாவியைத் திருப்பினேன். புது வண்டி மாதிரி சீறிட்டுக் கிளம்புச்சு.

ரெண்டு மாசம். 600 டாலர். பத்து செகண்ட்.

"நான் மீட்டர் வெச்சுப் பாத்தேனே, அந்த கேபிள்ல தடை பூஜ்ஜியம்னு காட்டுச்சே"ன்னேன். சிரிச்சார். கேபிளைக் கழட்டிட்டு, மீட்டரை வோல்ட்ல வெச்சு ஒரு முனையை நெகட்டிவ்லயும் இன்னொண்ணை எஞ்சின்லயும் வெச்சார். என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். 4 வோல்ட். அரை வோல்ட்டுக்கு மேல காட்டவே கூடாத இடம். கணக்கு போட்டுப் பாருங்க. 200 ஆம்பியர் ஓடற இடத்துல 0.02 ஓம் இருந்தா 4 வோல்ட் காணாமப் போகும். 0.02 ஓமை என் மீட்டரால பாக்கவே முடியாது. ஒரே ஒரு தாமிர இழை ஒட்டிட்டிருந்தாலும் மீட்டர் "எல்லாம் நலம்"னு சொல்லிடும். சும்மா இருக்கும்போது எல்லாரும் நல்லவங்கதான். பாரம் ஏத்தினாத்தான் யாருன்னு தெரியும்.

நெகட்டிவ் கேபிள் எஞ்சினைத் தொடற போல்ட் முழுக்கத் துரு. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்க வேண்டிய ஜடைப் பட்டை அறுந்து ஊசலாடிட்டு இருந்தது. சாமான் மாத்தும்போதெல்லாம் நான் அந்த கேபிளை அசைச்சிருக்கேன். அது கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கிட்டிருக்கு. நான் புது பேட்டரி வேலை செய்யுதுன்னு சந்தோஷப்பட்டிருக்கேன். பட்டை 9 டாலர். கம்பி பிரஷும் உப்புத் தாளும் வீட்டுலயே இருந்தது. மூணு கோடும் தானா மறைஞ்சு போச்சு.

கிளம்பும்போது பெரியவர் ஃபியூஸ் பெட்டியை எட்டிப் பாத்தார். சிரிப்பு நின்னுடுச்சு. பின் விளக்கோட 15 ஃபியூஸ் ரெண்டு தடவை போச்சுன்னு நான் அங்க ஒரு பச்சையைச் சொருகியிருந்தேன். 30. இதுதான் நான் சொன்ன பாவம். அவர் ஒண்ணுமே பேசாம அதைப் பிடுங்கித் தன் பாக்கெட்ல போட்டுட்டு, டார்ச்சோட வண்டிக்கு அடியில போனார். "வா, வந்து பாரு."

தொட்டிக்கு அடியில சட்டத்தோட விளிம்புல ஒரு ஒயர் உரசி உரசித் தோல் போயிருந்தது. 15 ஃபியூஸ் அதைத்தான் ரெண்டு தடவை எனக்குச் சொல்லியிருக்கு. 30 சொல்லல. ஒயரோட உறை ஒரு முழ நீளத்துக்கு உருகிக் கருகியிருந்தது. அதுக்குப் பக்கத்துலயே, நாலு விரல் தள்ளி, பெட்ரோல் குழாய்.

என் பொண்ணு அந்த வண்டியில மூணு வாரம் ஸ்கூலுக்குப் போயிருக்கா.

குளிர்ல மாட்டிக்கிட்ட அந்த 40 நிமிஷத்தைத்தான் நான் பெரிய ஆபத்துன்னு நினைச்சுட்டு இருந்தேன். கிளம்பாத வண்டி யாரையும் கொல்லல. நல்லா ஓடிட்டு இருந்த வண்டியில, நான் வாயை அடைச்சு வெச்ச ஃபியூஸ்தான் எமனா உட்கார்ந்திருந்தது. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

*

2022ல வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், முழுக்க பேட்டரியில ஓடற பிக்கப். அந்த மாதிரி வண்டிகள்ல மோட்டாரை ஓட்டற பல நூறு வோல்ட் கரண்ட் உடம்பு வழியாத் திரும்பறதே இல்ல. போறதுக்கு ஒரு ஆரஞ்சுக் கேபிள், வர்றதுக்குத் தனியா இன்னொரு ஆரஞ்சுக் கேபிள். ரெண்டுமே உடம்பைத் தொடக் கூடாது. துளி கசிஞ்சாலும் கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு எச்சரிக்கும். பாதித் தாமிரத்தை மிச்சம் பிடிச்ச அந்தப் பழைய சிக்கனத்தை, நூத்துச் சொச்சம் வருஷம் கழிச்சு, பெரிய கரண்ட் விஷயத்துலயாவது கைவிட்டாச்சு. ஆனா விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் அதுலயும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அதோட நெகட்டிவ் இன்னமும் ஒரு போல்ட்டை நம்பி உடம்புலதான் நிக்குது.

அந்தப் பச்சை ஃபியூஸை பெரியவர் திருப்பிக் கொடுக்கல. நானும் கேட்கல. பொண்ணு இப்ப பிக்கப்ல ஏறும்போது "எர்த் பாத்தியாப்பா?"ன்னு கேட்கறா. கிண்டல்தான். ஆனா தினமும் கேட்கறா.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் தைரியமாச் சொல்லுவேன். பேட்டரியைக் கழட்டும்போது நெகட்டிவை முதல்ல கழட்டுங்க, மாட்டும்போது கடைசியா மாட்டுங்க. பாசிட்டிவைக் கழட்டற ஸ்பானர் தவறி உடம்புல பட்டா, நெகட்டிவ் மாட்டியிருந்தா அந்த ஸ்பானரே கரண்டுக்குத் திரும்பற வழி. நெகட்டிவ் கழட்டியிருந்தா அது வெறும் ஸ்பானர்.